“நல்லாத்தானே இருக்கீங்க!” – மனநல விடுப்பில் வெளியே போன ஒருவரின் குற்ற உணர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் தனி ஒரு ஆள் அல்ல. ஆலோசனைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒருவராக எழுதியிருக்கிறேன். எழுதக் காரணம் உண்டு. மனநலத்துக்காக விடுப்பில் இருப்பவர்கள் வெளியே போனதற்காகப் படும் குற்ற உணர்வை, நோயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சங்கடமாகவே நாம் பேசுகிறோம். அது சின்னச் சங்கடம் இல்லை. இவர் விஷயத்தில் நோயை விடாமல் பிடித்து வைத்திருந்ததில் பெரும் பங்கு அதற்குத்தான்.

நோயும் விடுப்பும்

முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பிரிவில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளர். பொறுப்பானவர், கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பல மாதங்களாகத் தூக்கம் கெட்டு, காலையில் அலுவலக வாசலை நெருங்கும்போதே நெஞ்சு படபடத்து, கடைசியில் ஒரு நாள் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருக்க, எடுக்க முடியாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டறிந்து மாத்திரை எழுதினார். ஆறு வார விடுப்புக்குச் சான்றிதழ் தந்து, ஆலோசனைக்கும் அனுப்பிவைத்தார்.

மனச்சோர்வின் அளவைப் பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் 2001இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், அதிகபட்சம் 27 மதிப்பெண். இவருடையது 15க்கும் 19க்கும் இடையில் இருந்தது. அதாவது நடுத்தரத்தைத் தாண்டியது, மிகக் கடுமையானதற்குக் கொஞ்சம் கீழே. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. வருவதில்லை என்றார். ஒவ்வொரு சந்திப்பிலும் அதை மறுபடி கேட்டேன். அதற்கு “வருது” என்று பதில் வந்திருந்தால், கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம்தான் போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர் ஆரம்பத்திலேயே விசாரித்திருந்தார்: தூக்கமே தேவைப்படாமல், மனம் அளவுமீறிப் பொங்கி, கண்டபடி செலவு செய்து ஊர் சுற்றிய காலம் எப்போதாவது உண்டா? இல்லை. இதைக் குறிப்பிடக் காரணம், மனம் ஒரு காலம் அப்படிப் பொங்கி இன்னொரு காலம் சோர்ந்துபோகும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு ஓயாமல் வெளியே போவதே நோய் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இந்த ஆய்வு அப்படியே பொருந்தாது.

வெளியே போன விதம்

விடுப்பின் முதல் சில நாட்கள் தூங்கியே தீர்த்தார். உடம்புக்கு அது தேவைப்பட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். தினமும் வெளியே போங்கள், நடங்கள், நாலு பேரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் போகவில்லை. போனாலும் மருந்துக் கடைக்கு மட்டும். அதுவும் அலுவலகம் விட்டு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, இருட்டிய பிறகு. மருத்துவர் சீட்டும் சான்றிதழும் உள்ள ஃபைல் கைப்பையில் எப்போதும் இருக்கும். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. தலையை வாராமல், கசங்கிய உடையிலேயே போவார், நன்றாக உடுத்திக்கொண்டால் நோயாளி மாதிரித் தெரியாது என்பதால். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் மறைத்து வைத்திருந்தார். போன் பார்க்கும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று அலுவலகத்தில் யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு நாள் அக்கா வற்புறுத்தி சினிமாவுக்கு அழைத்துப் போனார். இடைவேளையில் கூட வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் பார்த்துவிட்டார். அன்பாகத்தான் வந்து பேசினார். “உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களே அக்கா... பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!” அவ்வளவுதான். மீதிப் படத்தை இவர் பார்க்கவில்லை. கழிவறையில் நின்றபடி, இன்று இரவுக்குள் இந்தச் செய்தி யார் யாருக்குப் போகும் என்று ஒவ்வொரு பெயராக மனதில் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நான்கு நாட்கள் வாசலைத் தாண்டவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாயில் வந்த அந்த ஒரு வரி, இவர் தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததேதான். அதனால்தான் அப்படித் தைத்தது.

குறிப்பேட்டில் தெரிந்தது

மணிவாரியாக ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னேன். என்ன செய்தார், அதில் எவ்வளவு சந்தோஷம், ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற திருப்தி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் போட வேண்டும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இது வழக்கமான வேலைதான். இவருக்காக மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: குற்ற உணர்வு எவ்வளவு?

வெளியே போய் அலுத்துப்போன நாட்களில் குற்ற உணர்வு அதிகமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நேர்மாறாக இருந்தது. சிரித்த நாளில்தான் அந்த எண் ஏறியது. பூங்காவில் அக்காவின் மகளோடு ஒரு மணி நேரம் விளையாடிய அன்று, சந்தோஷம் 6, குற்ற உணர்வு 9. அன்று மாலையே தனக்கு ஒரு தண்டனை தயாராகிவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார், சாப்பாட்டைத் தவிர்ப்பார், அடுத்த நாள் பார்க்க வருவதாகச் சொன்ன தோழியை வர வேண்டாம் என்பார். இரண்டு நாள் இப்படிக் கிடந்தால் மனம் கீழே போகாமல் என்ன செய்யும்? போகும். அப்படிக் கீழே போன ஒரு நாளின் குறிப்பில் இப்படி எழுதியிருந்தார்: “இன்னைக்கு எழுந்திருக்கவே முடியல. ஆனா ஒரு மாதிரி நிம்மதியா இருக்கு.”

என்ன நிம்மதி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். “நான் நடிக்கலைன்னு தெரிஞ்சுடுச்சு இல்ல, மேடம்.”

இந்த ஆய்வின் மையம் இந்தப் பதில்தான் என்பேன். கொஞ்சம் தேறினால் ஏமாற்றுக்காரி ஆகிவிடுகிறார். மறுபடி படுத்துவிட்டால் நேர்மையானவர் ஆகிவிடுகிறார். இப்படி ஒரு தராசு உள்ளே இருக்கும்போது, எந்த மாத்திரையும் எந்த ஆலோசனையும் பாதிதான் வேலை செய்யும். விடுப்பு குணமாவதற்குத் தரப்பட்டது; அவர் அதை நோயை நிரூபிப்பதில் செலவழித்துக்கொண்டிருந்தார்.

கால் உடைந்தால் என்ற ஒப்பீடு

வீட்டில் எல்லாரும் ஆறுதலுக்குச் சொன்னது ஒன்றையே. “கால் உடைஞ்சு படுத்திருந்தா இப்படி வெட்கப்படுவியா? மனசுக்கு வந்தா மட்டும் என்ன?” நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் இவர் அதற்குச் சொன்ன மறுமொழி யோசிக்க வைக்கிறது: “கால் உடைஞ்சவங்களை நடக்காதேன்னு சொல்வாங்க. என்னைத்தான் நட, வெளிய போ, ஜாலியா இருன்னு சொல்றாங்க. அதைச் செஞ்சா லீவு போட்டு ஊர் சுத்தற மாதிரிதானே தெரியும்?”

சரியாகத்தான் சொன்னார். கட்டுப் போட்ட காலுக்கு ஓய்வே மருந்து. பார்ப்பவர்களுக்கும் அது புரியும். மனச்சோர்வில் மருந்தின் ஒரு பகுதி, வெளியிலிருந்து பார்த்தால் அப்படியே விடுமுறை மாதிரி இருக்கிறது. வெயிலில் நடப்பது, தோழியோடு உட்கார்ந்து பேசுவது, படம் பார்ப்பது. அந்த ஒப்பீடு நோய் இருக்கிறது என்பதை நிரூபிக்கிறது. வெளியே போகலாம் என்பதை நிரூபிப்பதில்லை. அதனால் அவருக்கு அது ஆறுதலைவிடக் குழப்பத்தையே தந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் எழுதியது இங்கே உதவுகிறது. நோயாளிக்குச் சமூகம் இரண்டு சலுகை தருகிறது: வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு, நோய்வாய்ப்பட்டதற்காகப் பழி சுமத்தப்படாமை. பதிலுக்கு இரண்டு கடமை: குணமாக விரும்ப வேண்டும், தகுதியுள்ளவர்களின் உதவியை நாடி அவர்கள் சொல்வதற்கு ஒத்துழைக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லிவிட்டு, இதில் நீங்கள் எதை மீறுகிறீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, மருத்துவர் நடக்கச் சொல்லியும் நடக்காததுதான் மீறல் என்று அவரே சொன்னார். நோயாளி மாதிரி தோற்றமளிக்க வேண்டும் என்ற கடமை அந்தப் பட்டியலில் இல்லை. அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று என்பது தெரிந்ததுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு (2013) அதைப் பட்டியலில் சேர்க்கும்போதே ஒரு விலக்கும் வைக்கிறது: நோயாளியாக இருக்கிறோமே என்று தன்னை நொந்துகொள்வது மட்டும் இருந்தால் அது கணக்கில் சேராது. எந்த நோயில் படுத்தாலும் மனிதர்கள் அந்த அளவுக்கு நொந்துகொள்வது சகஜம். இவரிடம் அது அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. சிரிப்பதற்கே தகுதியில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

முடிச்சைப் பிரித்தது

ஒரு கேள்வி கேட்டேன். “நீங்கள் தினமும் வெளியே போக வேண்டும், அதுவும் சிகிச்சைதான் என்று மருத்துவரே அலுவலகத்தில் எல்லாருக்கும் கடிதம் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்வு எவ்வளவு குறையும்?” பாதி குறையும் என்றார். மீதிப் பாதி ஏன் இருக்கும் என்று பேசப்பேசத்தான், ஒரே பெயரில் வெவ்வேறு விஷயங்கள் உள்ளே இருப்பது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆறுதலைச் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

குறைந்துபோகும் என்று அவர் சொன்ன பாதி உண்மையில் பயம்: யாராவது பார்ப்பார்கள், விதியை மீறியதாக ஆகிவிடும், வேலை போகும். இதற்குத் தத்துவம் தேவையில்லை, தகவல் தேவை. விடுப்பில் இருப்பவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். இத்தாலியில், நோய் உண்மைதானா என்று பார்க்க அனுப்பப்படும் மருத்துவர் வரக்கூடிய நேரங்களில், காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 வரை, வீட்டில் இருக்க வேண்டும். பிரான்சில் காலை 9 முதல் 11, பிற்பகல் 2 முதல் 4 வரை. ஆனால் தாராளமாக வெளியே போகலாம் என்று மருத்துவர் சான்றிதழிலேயே குறித்துக்கொடுக்க முடியும். ஜெர்மனியில் பொதுவான தடை கிடையாது, குணமாவதைத் தடுக்கும் எதையும் செய்யக் கூடாது என்பதுதான் அளவுகோல். ஆக, “லீவில் வெளியே போகலாமா?” என்று மனச்சாட்சியைக் கேட்பதைவிட வேலை ஒப்பந்தத்தையும் விடுப்பு விதிகளையும் எடுத்துப் படிப்பது மேல். இவர் படித்தார். சான்றிதழ் தர வேண்டும், தேவைப்பட்டால் தொடர்புகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவே இருந்தது. அப்புறம் மருத்துவரிடம் கேட்டு, தினமும் வெளியே நடப்பதும் ஆட்களைச் சந்திப்பதும் சிகிச்சையின் பகுதி என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார்.

மீதிப் பாதியில் முதலில் வந்தது, தன் வேலையைச் சுமக்கும் சக ஊழியர்கள் மீதான உறுத்தல். இதை நோய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது நல்ல மனிதரிடம் இருக்க வேண்டிய உணர்வு. ஆனால் அவர் வீட்டில் இருட்டில் படுத்திருப்பதால் அங்கே யாருடைய சுமையும் குறையப்போவதில்லை. எதனால் குறையும் என்று கேட்டதும் உடனே பதில் வந்தது: பாதியில் நின்ற புகார்களின் விவரம் தன் தலையில் மட்டுமே இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி மேனேஜருக்கு அனுப்பினார். அதோடு சரி, தினமும் குழுச் செய்திகளை மறைந்திருந்து படிப்பதை நிறுத்திக்கொண்டார். இந்த இழையின் எண் ஒரே வாரத்தில் நன்றாக இறங்கியது.

கடைசியாக இருந்தது கடினமானது. “சினிமா பார்க்க முடியுதுன்னா வேலையும் பார்க்க முடியும்தானே?” இதை ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுத்துப் பயனில்லை. இரண்டையும் தாளில் பக்கம் பக்கமாக எழுதினோம். படம்: இரண்டரை மணி நேரம், எதையும் முடிவு செய்ய வேண்டாம், நடுவில் கவனம் போனால் ஒன்றும் கெட்டுவிடாது, பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். வேலை: எட்டு மணி நேரம், கோபத்தில் கத்துபவருக்கு நிதானமாகப் பதில், நான்கைந்து புகார்களை ஒரே நேரத்தில் நினைவில் வைப்பது, எழுந்து போக முடியாது. அந்த வாரம் ஒரு சாதாரண வங்கிக் கடிதத்தை மூன்று முறை படித்தும் புரியாமல் அக்காவிடம் கொடுத்ததையும் அவரே சேர்த்துக்கொண்டார். பூங்காவில் சிரிக்க முடிவது பொய் இல்லை, அந்தக் கடிதம் புரியாததும் பொய் இல்லை. மனச்சோர்வு ஒரு நாளைப்போல இன்னொரு நாள் இருப்பதில்லை; ஒரே நாளிலும் காலையும் மாலையும் வேறு வேறாக இருக்கும்.

வெளியே போவதையே மருந்தாக்கியது

சந்தோஷமும் திருப்தியும் தரும் செயல்கள் குறையக் குறைய மனச்சோர்வு கூடும், மனச்சோர்வு கூடக் கூட அந்தச் செயல்கள் இன்னும் குறையும் என்ற கருத்தை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் வளர்த்தெடுத்தார். அந்த வட்டத்தைச் செயலின் பக்கத்திலிருந்து உடைப்பதுதான் பிஹேவியரல் ஆக்டிவேஷன் எனப்படும் சிகிச்சை. மனம் சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்காமல், திட்டப்படி வெளியே போய் மனத்தைப் பின்னால் வரவைப்பது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, செயல் பகுதி தனியாகவே முழுச் சிகிச்சைக்கு இணையாகப் பலன் தந்தது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்விலும் இந்தச் சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. இதை அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். பொறுப்பானவர்களுக்கு, தாங்கள் செய்வது வேலைதான் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

அட்டவணையில் மாத்திரை நேரத்துக்குக் கீழேயே நடை நேரம் எழுதப்பட்டது. மனநிலை எப்படி இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். முதலில் காலையில் பதினைந்து நிமிடம், அந்த ஃபைலோடு. அடுத்து ஃபைல் இல்லாமல். இது லேசாகத் தெரியலாம், அவருக்கு அப்படி இல்லை. தெருமுனை வரை போய்விட்டுக் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். அடுத்து, தலை வாரி, பிடித்த உடை உடுத்தி. அடுத்து, அலுவலக நேரத்திலேயே, பட்டப்பகலில். ஒவ்வொரு படியிலும் குற்ற உணர்வு வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அதை விரட்ட வேண்டியதில்லை; அது வந்தாலும் அடுத்த நாள் நடையை ரத்து செய்யக் கூடாது என்பது மட்டுமே விதி. நல்ல நாளுக்கு மறுநாள் கட்டாயம் ஏதாவது ஒன்று அட்டவணையில் இருக்கும். தண்டனைக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான்.

யாராவது பார்த்துக் கேட்டால் சொல்ல ஒரு வரி தயாராக இருந்தது: “நடக்கச் சொல்லியிருக்காங்க, அதான் வந்தேன். நீங்க எப்படி இருக்கீங்க?” இதற்கு மேல் விளக்கம் கூடாது என்று பேசிக்கொண்டோம். நீளமாக விளக்க ஆரம்பித்தால் வழக்காடுவதுபோல ஆகிவிடுகிறது, சொல்பவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

சமூக ஊடகத்தில் படம் போடுவது பற்றி என் கருத்து வேறு. போட வேண்டாம் என்றேன். 2009இல் கனடாவில் மனச்சோர்வுக்காக நீண்ட விடுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவர் ஃபேஸ்புக்கில் போட்டிருந்த கடற்கரை, கொண்டாட்டப் படங்களைக் காரணம் காட்டி காப்பீட்டு நிறுவனம் உதவித்தொகையை நிறுத்தியது. மருத்துவர் சொல்லித்தான் போனேன் என்று அவர் சொன்னது அப்போது செய்தியானது. ஒரு புகைப்படத்தை வைத்து நோயை அளக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நோயில் இருப்பவர் அந்தப் போராட்டத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது வாரம் நெருங்கிய தோழியின் கல்யாணம், வெளியூரில். போக ஆசை, கேட்கவே பயம். மருத்துவரிடம் கேட்டார். தாராளமாகப் போகலாம், மாத்திரையும் தூக்க நேரமும் மாறக் கூடாது என்றார். ஊரில் இருக்க மாட்டேன் என்று அலுவலகத்துக்கு இரண்டு வரியில் தெரிவித்துவிட்டுப் போனார். முதல் நாள் நன்றாக இருந்தது, இரண்டாம் நாள் கூட்டம் தாங்காமல் அறைக்கு வந்து படுத்துவிட்டார். திரும்பி வந்த மறுநாள் அட்டவணைப்படி நடந்தார். குறிப்பேட்டில் சந்தோஷம் 7, குற்ற உணர்வு 4.

முடிவும் மிச்சமும்

ஆறு வார முடிவில் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 10க்குக் கீழே வந்திருந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில்தான் நடையும் நடந்தது. விடுப்பை நீட்டிக்காமல், முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை என்று மருத்துவரும் மேனேஜரும் பேசி முடிவு செய்தார்கள். மாத்திரையும் ஆலோசனையும் தொடர்கின்றன.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வார நாளில் பகலில் வெளியே போனால் இன்னும் ஒரு கணம் சுற்றிப் பார்த்துக்கொள்கிறார். தியேட்டரில் பார்த்த அந்தப் பெண்ணிடம் என்ன நோய் என்று சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் பேசினோம். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதே முடிவாக இருந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்தப் பெண்ணே வந்து, “இப்போ பரவாயில்லையா அக்கா?” என்று கேட்டிருக்கிறார். “பரவாயில்லை, மருந்து சாப்பிடறேன், தினமும் நடக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனதாகச் சொன்னார். தினசரி நடையை அரை நாள் வேலைக்கு ஏற்றபடி எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று அடுத்த சந்திப்பில் பேச இருக்கிறோம்.